பிராக் சார்லஸ் பாலத்தை நிதானமா பாக்குறது எப்படி: மேல ஏறாதீங்க, முதல்ல கீழ போங்க

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போற எல்லாருமே சார்லஸ் பாலத்துக்குப் போவாங்க. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி நடுவுல கோட்டை தெரியுற மாதிரி ரெண்டு போட்டோ, இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும். நானும் முதல் தடவை அப்படித்தான் பாத்தேன். ரெண்டாவது தடவை போனப்போ கூட வந்த நண்பர் சிவில் இன்ஜினியர், அவர் என்னை பாலத்து மேல ஏறவே விடல, நேரா ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தூணைக் காட்டி "இந்தப் பாலம் எத்தனை தடவை உடைஞ்சிருக்குன்னு தெரியுமா"ன்னு கேட்டார். அன்னைக்கு காலைல ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் நாங்க அந்த அரை கிலோமீட்டரை விட்டு நகரவே இல்ல. அதுக்கப்புறம் யார் பிராக் போறேன்னு சொன்னாலும் நான் சொல்றது இதுதான்: அந்தப் பாலத்தோட கதை சிலைகள்ல இல்ல, தண்ணியில இருக்கு. வெள்ளம் வந்து உடைச்ச இடத்தையெல்லாம் தேடிப் பாத்துட்டே நடந்தா பாலம் முழுசா புரியும். எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

முதல்ல நேரம். பகல் பத்து மணிக்கு மேல போனா உங்களால சிலையோட பீடத்தைக் கூட பாக்க முடியாது, அவ்ளோ கூட்டம், படம் வரையுறவங்க, நகை விக்கிறவங்க, பாட்டு வாசிக்கிறவங்க, கொடி பிடிச்ச கைடு பின்னாடி ஐம்பது பேர். விடியக்காலைல போங்க. பாலத்துக்கு டிக்கெட் கிடையாது, 24 மணி நேரமும் திறந்துதான் இருக்கும். ஜூன்ல போனீங்கன்னா அஞ்சு மணிக்கே விடிஞ்சிரும், அலாரம் வச்சு எந்திரிக்கணும், ஆனா டிசம்பர்ல எட்டு மணி ஆகும் சூரியன் வர, அதனால குளிருக்குப் பயப்படாதவங்களுக்கு குளிர்காலம்தான் வசதி, நல்லா தூங்கி எந்திரிச்சே விடியலைப் பாக்கலாம். ஷூ நல்ல பிடிமானமா இருக்கணும், அங்க பூரா கல் பாவின தரை, பனி பெய்ஞ்சா வழுக்கும். இன்னொண்ணு, செக் நாட்டுல யூரோ இல்ல, கொருனாதான், பாலத்து முனைல இருக்குற டவருக்கு மேல ஏறவும் மியூசியத்துக்கும் டிக்கெட் வாங்கணும், கார்ட் இருந்தா போதும், தெருவுல இருக்குற பணம் மாத்துற கடைல அவசரப்பட்டு மாத்தாதீங்க.

மெட்ரோவுல வந்தா பச்சை லைன்ல ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா ஸ்டேஷன்ல இறங்கி ஆத்தோரமா கொஞ்ச தூரம் நடந்தா போதும். வழி கேட்டா "கார்லூவ் மோஸ்ட்"ன்னு கேளுங்க, மோஸ்ட்னா செக் மொழில பாலம். ஆறு பேரு வல்தாவா.

பாலத்தோட பழைய நகர முனைல ஒரு சின்ன சதுக்கம், நடுவுல இந்தப் பாலத்தைக் கட்ட ஆரம்பிச்ச ராஜா நாலாம் சார்லஸோட சிலை. அங்க வந்ததும் எல்லாரும் டவருக்கு அடியில நுழைஞ்சு பாலத்துக்குப் போயிருவாங்க. நீங்க போகாதீங்க. பாலத்தை ஒட்டின ஆத்தங்கரைச் சுவர்ல ஒரு கல் முகம் பதிச்சிருக்கும், தாடி வச்ச ஒரு ஆளோட தலை, வழுக்கைத் தலை. பேரு பிரதாச், தாடிக்காரன்னு அர்த்தம். கம்பிக்கிட்ட நின்னு கீழ பாத்து தேடணும், சட்டுனு கண்ணுல படாது. பல நூறு வருஷமா பிராக் ஜனங்களுக்கு வெள்ள அளவு காட்டினது இந்த முகம்தான். தண்ணி தாடியைத் தொட்டா ஆத்தோரம் இருக்குறவங்க மூட்டையைக் கட்டணும், தலையே முழுகிருச்சுன்னா பழைய நகரச் சதுக்கத்துல படகுதான்னு சொல்லுவாங்க. இந்த முகம் இப்ப இருக்குற பாலத்தோடது இல்ல, அதுக்கு முன்னாடி இருந்த பாலத்தோடது. அதைத்தான் முதல்ல புரிஞ்சுக்கணும்.

முன்னாடி அங்க இருந்தது யூதித் பாலம். ராஜா விளாடிஸ்லாவோட மனைவி யூதித் பேர்ல, 12ஆம் நூற்றாண்டுல கட்டி 1172 வாக்குல முடிச்ச கல் பாலம். 1342ல பனி உருகி வந்த வெள்ளத்துல அது போயிருச்சு. அதுக்குப் பதிலாத்தான் நாலாம் சார்லஸ் 1357ல புதுப் பாலத்துக்கு கல் வச்சார். பழைய பாலத்தோட ஒரு வளைவு இன்னும் அங்கயே இருக்கு, சதுக்கத்தை ஒட்டி இருக்குற மடத்துக் கட்டடத்துக்கு அடியில, சின்னப் படகு சவாரி ஒண்ணு அந்த வளைவுக்குக் கீழ இருந்துதான் கிளம்பும். எனக்கு படகு சவாரில பெரிய ஆர்வம் இல்ல, ஆனா 850 வருஷத்துக் கல்லை கைக்கெட்டுற தூரத்துல பாக்குறதுக்காகவே ஏறினேன், போங்கன்னுதான் சொல்லுவேன். அந்த வளைவு எவ்ளோ தாழ்வா இருக்குன்னு கவனிச்சு வச்சுக்கோங்க. புதுப் பாலத்தை அதை விட நாலஞ்சு மீட்டர் உசத்திக் கட்டினாங்க. 1342 வெள்ளம் அவங்களுக்கு என்ன கத்துக் கொடுத்ததுன்னு அந்த உயர வித்தியாசத்துலயே தெரியும்.

கல் வச்ச நேரத்தைப் பத்தி ஒரு கதை நீங்க எல்லா இடத்துலயும் கேப்பீங்க. 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாசம், காலை 5 மணி 31 நிமிஷம். வரிசையா எழுதினா 1-3-5-7-9-7-5-3-1, ஏறி இறங்குற ஒத்தைப்படை எண்கள். நம்ம வீட்டுல வாசக்கால் வைக்க முகூர்த்தம் பாக்குற மாதிரி ஜோசியம் பாத்து வச்சாங்கன்னு சொல்றாங்க. இது பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு சொன்னது, அதனால அந்த 5:31ஐ கல்வெட்டு மாதிரி நம்ப வேண்டாம், ஆனா நாலாம் சார்லஸ் ஜோசியத்துல நம்பிக்கை உள்ளவர்ங்கிறது உண்மை.

அடுத்து, இன்னும் பாலத்துக்கு ஏறாம, ஆத்தோரமா தெற்கால ரெண்டு நிமிஷம் நடங்க, அதாவது தண்ணி வர்ற திசைல. நோவொட்னேஹோ லாவ்கான்னு ஆத்துக்குள்ள நீட்டிட்டு இருக்குற ஒரு இடம் வரும், பழைய தண்ணி ஆலைகள் இருந்த இடம். அதோட முனைக்குப் போய் நின்னா பாலம் பக்கவாட்டுல முழுசா தெரியும், பின்னாடி கோட்டை. எல்லாரும் கோட்டையைத்தான் போட்டோ எடுப்பாங்க, நீங்க தூணைப் பாருங்க. ஆத்துக்குள்ள இருக்குற தூணுங்களுக்கு முன்னாடி தண்ணியில கட்டை கட்டையா சாய்வா ஒரு மரக் கூடு நிக்கும். பனிக்காலம் முடியுறப்போ ஆத்துல பனிப்பாளம் உடைஞ்சு மிதந்து வரும், அது நேரா தூண்ல மோதாம இந்த மரத்துல ஏறி உடையணும், அதுக்குத்தான். தண்ணி வர்ற பக்கம் மட்டும்தான் இது இருக்கும், அந்தப் பக்கம் தேடாதீங்க.

அந்தத் தூணுக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். ஓக் மரத்தால சட்டம் போட்டு அதுமேல ஆலைல மாவு அரைக்கிற வட்டக் கல்லுங்களை, இரும்புப் பிடி போட்டு இணைச்சு, அதுக்கு மேலதான் தூணை எழுப்பியிருக்காங்க. நல்ல வேலைதான், ஆனா ஆத்து அடி மண்ணை தண்ணி அரிச்சுட்டே இருந்தா மேல எவ்ளோ கனமான கல் இருந்தும் பிரயோஜனமில்ல, தூண் சாயும். இந்தப் பாலம் உடைஞ்சதுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் அதுதான். 1432ல உடைஞ்சது, 1784ல பனிக்கட்டியோட வந்த வெள்ளத்துல பல தூண் அடிபட்டுச்சு, 1890 செப்டம்பர்ல வந்தது எல்லாத்தையும் விட மோசம். அந்தத் தடவை மேல இருந்து அடிச்சுட்டு வந்த மரக்கட்டைகளும் தெப்பங்களும் தூணுக்கு நடுவுல சிக்கி பாலமே அணைக்கட்டு மாதிரி ஆயிருச்சு, தண்ணி போக வழியில்லாம மூணு வளைவு இடிஞ்சு விழுந்துச்சு. அந்த மூணு வளைவு எங்கன்னு மேல ஏறினதும் கண்டுபிடிக்கலாம், அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, சொல்றேன்.

முட்டைக் கதையும் இங்கயே சொல்லிடுறேன். சுண்ணாம்புக் காரைல முட்டை கலந்தாங்க, நாடு பூரா இருந்து முட்டை அனுப்பச் சொன்னாங்க, வெல்வரி ஊர்க்காரங்க உடையக் கூடாதுன்னு அவிச்சு அனுப்பிட்டாங்க அப்படின்னு செக் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. சுண்ணாம்போட கடுக்காயும் வெல்லமும் சேத்துக் கட்டின நமக்கு இதுல நம்பாம இருக்க ஒண்ணும் இல்ல, ஆனா காரையை ஆராய்ச்சி பண்ணினவங்களே ஒரே மாதிரி சொல்லல, அதனால கதையா ரசிங்க.

இப்ப திரும்பி வந்து டவருக்குப் போங்க. பழைய நகரப் பாலக் கோபுரம், சார்லஸோட கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லர் காலத்து வேலை, கோத்திக்ங்கிற இடைக்கால ஐரோப்பியப் பாணில இந்த மாதிரி கோபுரம் ஐரோப்பாவுலயே கொஞ்சம்தான். நகரத்தைப் பாத்த முகத்துல நாலாம் சார்லஸும் அவர் மகன் வென்செஸ்லாஸும் உக்காந்திருப்பாங்க, நடுவுல புனித வீட்டஸ் பாலத்து மேல நிக்கிற மாதிரி. அந்தச் சிலையெல்லாம் நல்லா ரசிச்சுட்டு, அப்படியே வாசல் வழியா நடந்து ஆத்தைப் பாத்த முகத்துக்கு வந்து திரும்பிப் பாருங்க. ஒண்ணுமே இல்லாம வெறுமையா இருக்கும். 1648ல, ஐரோப்பாவுல நடந்த முப்பதாண்டுப் போரோட கடைசில ஸ்வீடன் படை ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாலத்து வழியா உள்ள நுழையப் பாத்தப்போ அடிச்ச அடியில அந்தப் பக்கத்துச் சிற்பம் பூரா போயிருச்சு. ரெண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து பாத்தாத்தான் எவ்ளோ இழந்தோம்னு உறைக்கும். இதே கோபுரத்துலதான் ராஜாவை எதிர்த்துக் கிளம்பினதுக்காக 1621ல தூக்குலயும் வாள்லயும் கொல்லப்பட்ட 27 பேர்ல 12 பேரோட தலையைத் தொங்க விட்டு பத்து வருஷம் வச்சிருந்தாங்க. மேல ஏற முடிஞ்சா ஏறுங்க, படி நெறய, முட்டி வலி இருக்குறவங்க விட்டுருங்க. மேல இருந்து பாத்தா ஒண்ணு நல்லா தெரியும், பாலம் நேர்கோடா இல்ல, லேசா வளைஞ்சு போகும்.

சரி, பாலத்து மேல. நீளம் 516 மீட்டர், 16 வளைவு, முழுக்க மணற்கல். ரெண்டு பக்கமும் பதினஞ்சு பதினஞ்சா 30 சிலை. பாலம் கட்டினப்போ இந்தச் சிலை எதுவும் இல்லங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, முதல் சிலையே 1683லதான் வந்துச்சு, பெரும்பாலானதை 1714க்குள்ள வச்சு முடிச்சாங்க. அதாவது முன்னூறு வருஷத்துக்கு மேல இது வெறும் கல் பாலம்தான், பேரும் "கல் பாலம்"தான், சார்லஸ் பாலம்னு பேர் வந்தது 1870ல. இப்ப நீங்க பாக்குற சிலைகள் ஏறக்குறைய எல்லாமே நகல். அசலை மழையும் புகையும் தின்னுட்டே இருந்ததால ஒண்ணொண்ணா எடுத்து உள்ள வச்சுட்டாங்க.

கோபுரத்துல இருந்து கோட்டையைப் பாத்து நடக்க ஆரம்பிச்சதும் சிலைகளை எண்ணிட்டே போங்க. வலது பக்கம் மூணாவது சிலுவை, அதைச் சுத்தி தங்க எழுத்துல ஹீப்ரு வாசகம். 1696ல ஒரு யூதர் மேல மத நிந்தனைன்னு வழக்குப் போட்டு அபராதம் விதிச்சு, அந்தக் காசுலயே அவங்க மொழியோட புனித வார்த்தையை சிலுவையைச் சுத்தி எழுத வச்சாங்க. 2000ல அது என்ன அவமானம்னு விளக்கி பக்கத்துல ஒரு பலகை வச்சிருக்காங்க. பாதி பேர் போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க, நீங்க அந்தப் பலகையைப் படிங்க.

அஞ்சாவது சிலைல நில்லுங்க. ரெண்டு பக்கமும் பாருங்க. நான் சொன்ன வழி இதுதான். 1890 வெள்ளத்துல ஆத்துக்குள்ள விழுந்த ரெண்டு சிலையும் இந்த இடத்துல எதிரெதிரா நின்னது, வலது பக்கம் புனித இக்னேஷியஸ், அதாவது இஞ்ஞாசியார், இடது பக்கம் பிரான்சிஸ் சேவியர், அதாவது நம்ம சவேரியார். இடிஞ்ச வளைவு உங்க காலுக்குக் கீழ. வலது பக்கம் இக்னேஷியஸ் திரும்ப வரல, 1938ல சிரில், மெத்தோடியஸ்ங்கிற ரெண்டு புனிதர்கள் வந்தாங்க, பாத்தாலே மத்த சிலைகளோட வயசு இல்லன்னு தெரியும். இடது பக்கம் சேவியரை மட்டும் அதே மாதிரி நகல் எடுத்து 1913ல வச்சாங்க.

நான் தூத்துக்குடிப் பக்கம். சவேரியார் எங்களுக்கு யாருன்னு சொல்லவே வேண்டாம், 1542ல முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர் ஊரா நடந்து தமிழ்ல ஜெபம் சொல்லிக் கொடுத்தவர், மணப்பாட்டுல அவர் தங்கின குகை இன்னும் இருக்கு. அந்த ஆள் இங்க பனி பெய்யுற ஊர்ல, ஆத்துக்கு நடுவுல, சிலுவையைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறார், கீழ அவரைத் தோள்ல தாங்குறது தூர தேசத்து ஜனங்க, அதுல இந்தியரும் உண்டு. இதைச் செதுக்கினது பிரோகாஃப்னு பெரிய சிற்பி, 1711ல. அவர் இந்தியா பாத்திருக்க மாட்டார், அந்த முகங்கள்ல நம்ம ஊர் ஜாடை தேடாதீங்க, இருக்காது. ஆனா அன்னைக்கு அந்த ஆளுங்க தோள்ல அந்தப் பீடத்தோட கனம் பூரா உக்காந்திருக்குறதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னுட்டேன், நம்ம கடற்கரை ஜனங்களை அவ்ளோ தூரத்துல ஒருத்தர் கற்பனை பண்ணியிருக்கார், அது ஆத்துல விழுந்து, இன்னொருத்தர் திரும்பச் செதுக்கி அதே இடத்துல வச்சிருக்காங்க. தமிழ் ஆளு யார் போனாலும் இந்தச் சிலைகிட்ட ரெண்டு நிமிஷம் நிக்கணும்.

வலது பக்கம் எட்டாவது நேபோமுக் ஜான்ங்கிற பாதிரியார், பாலத்தோட முதல் சிலை, வெண்கலம். 1393ல ராஜா வென்செஸ்லாஸ் இவரைக் கொன்னு இந்தப் பாலத்துல இருந்துதான் ஆத்துல போட்டார். பீடத்துல இருக்குற தகடு ரெண்டும் தங்கமா மின்னும், தொட்டா அதிர்ஷ்டம்னு கோடிக்கணக்கான கை தேய்ச்சது. நான் தொடல, நீங்களும் தொடாதீங்க, தேய்ஞ்ச உருவம் திரும்ப வராது. அதுக்குப் பதிலா கைப்பிடிச்சுவர்ல ஒரு சின்ன சிலுவை, அஞ்சு நட்சத்திரத்தோட பதிச்சிருக்கும், அவரைப் போட்ட இடம்னு சொல்றது அதைத்தான், தேடிப் பாருங்க. சுவர் கம்பி எதுலயும் பூட்டு மாட்டாதீங்க, அதை வெட்டி எடுக்குறது பராமரிக்கிறவங்களுக்கு வேலை, இது தேசிய பண்பாட்டுச் சின்னமா பாதுகாக்கப்படுற பாலம், இது இருக்குற பழைய நகரம் பூராவும் 1992ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

இடது பக்கம் பன்னிரண்டாவது லூட்கார்டாங்கிற புனிதப் பெண் துறவி, மத்தியாஸ் பிரவுன் 1710ல செஞ்சது, சிற்பம் தெரிஞ்சவங்க பாலத்துலயே இதைத்தான் முதல் இடத்துல வைப்பாங்க. சிலுவைல இருக்குற இயேசு அந்தப் பார்வையில்லாத பொண்ணை நோக்கி குனியுறார். மத்ததை விட்டாலும் இதை விடாதீங்க.

நடக்குறப்போ தரையையும் பாருங்க. இங்க 1883ல குதிரை டிராம் ஓடிச்சு, 1905ல மின்சார டிராம், 1908ல இருந்து பஸ், கார்களை நிறுத்தினது 1965லதான். 14ஆம் நூற்றாண்டுப் பாலம் அதையும் தாங்குச்சு. கைப்பிடிச்சுவர்ல கறுத்த கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி இருக்கும், வெளிர் கல் பெரும்பாலும் 2010ல முடிஞ்ச பழுதுபார்ப்புல வச்சது. அப்ப தேவைக்கு மேல பழைய கல்லை எடுத்துட்டாங்கன்னு பாரம்பரியத்துல அக்கறை உள்ளவங்க நெறய சண்டை போட்டாங்க. எனக்கும் அவங்க பக்கம்தான் நியாயம் தெரியுது. உடைஞ்ச கல்லை மாத்தித்தான் ஆகணும், ஆனா ஒரு கல் கறுத்திருக்குங்கிறது அதை எடுக்குறதுக்குக் காரணம் ஆகாது. நீங்களே கையில டீயோட ஒரு பத்து நிமிஷம் சுவரைப் பாத்து எது பழசு எது புதுசுன்னு பிரிச்சுப் பாருங்க, அப்புறம் உங்களுக்கே ஒரு அபிப்பிராயம் வரும்.

அந்தப் பக்கம் முனைக்கு வர்றதுக்கு முன்னாடி இடது கைப் பக்கம் கீழ இறங்குற படி வரும், கம்பா தீவுக்கு. இறங்குங்க. வளைவுக்கு அடியில நின்னு அண்ணாந்து கல்லு எப்படி அடுக்கியிருக்குன்னு பாக்க இதை விட நல்ல இடம் இல்ல. அங்க தூண் மேல தனியா ஒரு வீரன் சிலை, புருன்ஸ்விக், பாலத்து மேல இருந்து சரியாத் தெரியாது. குழந்தைங்க இருந்தா கம்பா பூங்காவுல விட்டுட்டு நீங்க உக்காரலாம். திரும்ப ஏறி முனைக்குப் போனா ரெண்டு கோபுரம், உயரமானது 1464 வாக்குல கட்டினது, குள்ளமானது அதை விட ரொம்பப் பழசு, அதுதான் முதல்ல சொன்ன யூதித் பாலத்தோட கோபுரம். வெள்ளம் பாலத்தைக் கொண்டு போச்சு, கோபுரத்தை விட்டுட்டுப் போச்சு. காலைல தாடிக்காரன்கிட்ட ஆரம்பிச்சு இங்க வந்து நின்னா அந்தப் பழைய பாலத்தோட ரெண்டு முனையையும் பாத்துட்டீங்க.

அரை நாள் கூட இருந்தா ஹொலெஷோவிட்சே பகுதிக்கு டிராம் பிடிச்சு தேசிய அருங்காட்சியகத்தோட லாப்பிடேரியத்துக்கு, அதாவது கல் சிற்பங்கள் வச்சிருக்குற கூடத்துக்குப் போங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அன்னைக்குத் திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க. பாலத்துல இருந்து எடுத்த அசல் சிலைகள் கொஞ்சம் அங்க, இன்னும் கொஞ்சம் வைஷேராட் கோட்டைக்கு அடியில கோர்லிட்சேங்கிற நிலவறைல. மேல நகலை பாத்துட்டு அதே நாள்ல அசலை பக்கத்துல நின்னு பாக்கணும், அப்பத்தான் மூக்கு, விரல், துணி மடிப்பெல்லாம் மழை எவ்ளோ கரைச்சிருக்குன்னு தெரியும். 1890ல ஆத்துல விழுந்த இக்னேஷியஸோட மிச்சமும் லாப்பிடேரியத்துலதான், முதல்ல அதைத் தேடுங்க.